டோக்கியோவின் சின்ன சுஷி கடையில் சாப்பிடப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவின் எடோகாவா வட்டத்தில் நிஷி-கசாய் என்று ஒரு பகுதி இருக்கிறது. கணினித் துறை வேலைக்கு வரும் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் இடம். நானும் அங்கேதான் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் சுஷி சாப்பிடக் கூட்டிப்போகச் சொல்வார்கள். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளும் கேட்பார்கள். ஆசை இருக்கும், கூடவே தயக்கமும் இருக்கும். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பெரிய சங்கிலிக் கடைகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒரே ஒருவர் நின்று கையால் சுஷி பிடித்துத் தரும் சின்னக் கடையைப் பற்றித்தான் இது.

சின்னக் கடை என்றால் எவ்வளவு சின்னது?

எட்டு இருக்கை, மிஞ்சிப்போனால் பத்துப் பன்னிரண்டு. வாசலில் நோரென் என்ற துணித்திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். இழுத்துத் திறக்கும் கதவு. உள்ளே நீளமாக ஒரு மரமேடை. இந்தப் பக்கம் நாம் உட்கார்ந்திருப்போம், அந்தப் பக்கம் சுஷி பிடிப்பவர் நிற்பார். அவரை இதாமாயே என்பார்கள், 'பலகைக்கு முன்னால் இருப்பவர்' என்று அர்த்தம். வாடிக்கையாளர்கள் உரிமையோடு 'தைஷோ' என்று கூப்பிடுவதும் உண்டு. பல கடைகளில் அவர் மனைவியோ மகனோ தேநீர் கொண்டு வருவார்கள், கணக்குப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் கடையில் ஆட்கள்.

சுஷி என்றால் பச்சை மீன்தானே?

இல்லை. நான் எல்லாரிடமும் முதலில் திருத்துவது இதைத்தான். சுஷி என்பது சோறு. வினிகரும் உப்பும் சேர்த்த சோறு. அதன்மேல் பச்சை மீனும் வரலாம், வேகவைத்த இறாலும் வரலாம், முட்டையும் வரலாம், ஒன்றுமே இல்லாமல் வெள்ளரிக்காயை உள்ளே வைத்துச் சுருட்டியும் வரலாம். சோறு இல்லாமல் மீனை மட்டும் சீவி வைத்தால் அதற்குப் பெயர் சாஷிமி.

கதை பழையது. மீனை உப்பிட்டு, சோற்றுக்குள் புதைத்து, மாதக்கணக்கில் புளிக்க வைப்பதுதான் ஆதி சுஷி. சோறு புளிக்கும்போது வரும் அமிலம் மீனைக் கெடாமல் காக்கும். அந்தச் சோற்றை எறிந்துவிட்டு மீனை மட்டும் சாப்பிட்டார்கள். ஷிகா மாகாணத்தில் பிவா ஏரிக்கரையில் இன்றும் ஃபுனாசுஷி என்ற பெயரில் இந்தப் பழைய முறை இருக்கிறது. பிறகு சோற்றையும் சேர்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கும் பிறகு, புளிக்கும்வரை காத்திருக்காமல் வினிகரை ஊற்றிப் புளிப்பைக் கொண்டுவந்தார்கள். நீராகாரத்தின் புளிப்பு தெரிந்த நமக்கு இந்தப் பாதையைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

இன்று நாம் பார்க்கும், கையால் பிடித்த நிகிரி சுஷி 1820-களில் எடோ நகரத்தில் வந்தது. எடோதான் இன்றைய டோக்கியோ. ரியோகோகு பகுதியில் கடை வைத்திருந்த ஹனாயா யோஹேய் என்பவர்தான் அதைப் பரப்பினார் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அப்போது அது தெருவோரத் தள்ளுவண்டித் தீனி. வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே இரண்டு துண்டை வாயில் போட்டுக்கொண்டு போவார்கள். துண்டும் இன்று இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரியது. 1923-இல் பெரிய நிலநடுக்கம் வந்து டோக்கியோ சிதைந்தபோது சுஷி கைவினைஞர்கள் பலர் சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். அவர்களோடு நிகிரியும் நாடு முழுக்கப் போனது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அரிசிக்குப் பெரும் பஞ்சம். உணவகங்களுக்குத் தடை. அப்போது ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வாடிக்கையாளர் ஒரு கோ அரிசி கொண்டுவந்து கொடுத்தால், கடைக்காரர் கூலி வாங்கிக்கொண்டு அதற்குப் பத்துத் துண்டு சுஷி பிடித்துத் தருவார். ஒரு கோ என்பது ஏறக்குறைய 150 கிராம். இன்றைக்கும் துண்டின் அளவும், ஒரு ஆளுக்குப் பத்துத் துண்டு என்ற கணக்கும் அதையொட்டித்தான் இருக்கின்றன. நெல்லைக் கொடுத்துச் சாமான் வாங்கிய ஊர்க்காரர்கள் நாம். இந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு உடனே மனசுக்கு நெருக்கமாகிவிட்டது.

பச்சை மீன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா? பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மீன் கெட்டுப்போவது. ஒழுங்கான கடையில் இதற்கு வாய்ப்புக் குறைவு. டோக்கியோவின் பெரிய மீன் சந்தை 1923 வரை நிஹோன்பாஷியில் இருந்தது, அப்புறம் சுகிஜிக்குப் போனது, 2018 அக்டோபரில் டொயோசுவுக்கு மாறியது. கடைக்காரர்கள் விடியற்காலையில் அங்கே போய் நம்பிக்கையான மொத்த வியாபாரியிடம் மீன் எடுப்பார்கள். அன்றைக்குத் தேவையானது மட்டும்தான் வாங்குவார்கள். எட்டு இருக்கைக் கடைக்கு நூறு பேருக்கான மீன் தேவையே இல்லை.

இன்னொன்று ஒட்டுண்ணி. அனிசாகிஸ் என்ற நூல்போன்ற புழு சில கடல் மீன்களில் இருக்கும். கடுமையான வயிற்றுவலி வரும். வினிகர், உப்பு, சோயா சாஸ், வசாபி என்ற காரமான பச்சை விழுது எதுவும் அதைக் கொல்லாது. இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் 'வசாபி கிருமியைக் கொன்றுவிடும்' என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல் உறையவைத்தால் சாகும், நன்றாக வேகவைத்தால் சாகும். ஆழ்கடலில் பிடிக்கும் சூரை மீனைப் பெரும்பாலும் கப்பலிலேயே மைனஸ் 60 டிகிரியில் உறையவைத்துவிடுகிறார்கள். மற்ற மீன்களில், குடலைச் சீக்கிரம் அகற்றுவதும் சதையைக் கண்ணால் கவனித்துப் பார்ப்பதும்தான் கைவினைஞரின் வேலை. சாப்பிட்ட சில மணி நேரத்தில் தாங்கமுடியாத வயிற்றுவலி வந்தால் மருத்துவமனைக்குப் போய்ப் பச்சை மீன் சாப்பிட்டதைச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், ரொம்பச் சின்னக் குழந்தைகள் பச்சை மீனைத் தவிர்ப்பதே நல்லது. அவர்களுக்கு வெந்த வகைகள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன்.

எவ்வளவு செலவாகும்?

தட்டு சுற்றிவரும் சங்கிலிக் கடைகளில் ஒரு தட்டு நூறு யென்னுக்குச் சற்று மேலே ஆரம்பிக்கும். குடியிருப்புப் பகுதியில் இருக்கும் சின்னக் கடையில் மதியச் சாப்பாடு என்றால் 1,500 முதல் 3,000 யென்னுக்குள் நிறைவாக முடியும். அதே கடையில் இரவு 8,000 முதல் 15,000 வரை வைத்துக்கொள்ளுங்கள். கின்சா போன்ற இடங்களில் பெயர்பெற்ற கடை என்றால் 30,000 யென்னைத் தாண்டுவது சகஜம். விலையோடு 10 சதவீத வரி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரில் விலைக்குப் பதிலாக 'ஜிகா' என்று எழுதியிருந்தால், சந்தையில் அன்றைக்கு என்ன விலையோ அது என்று பொருள். கேட்டுவிட்டு வாங்குவதில் தப்பே இல்லை. சில சின்னக் கடைகளில் அட்டை எடுப்பதில்லை. கையில் ரொக்கம் இருக்கட்டும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை மதியம்தான். அதே கை, அதே அரிசி, பெரும்பாலும் அதே மீன். இரவுக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது.

முன்பதிவு வேண்டுமா?

இரவுக்குக் கட்டாயம் வேண்டும். மதியத்துக்குப் பல கடைகளில் நேரே போகலாம். இணையத்தில் பதிவு செய்யும் வசதி இப்போது நிறைய வந்துவிட்டது. இல்லாவிட்டால் தங்கியிருக்கும் விடுதி வரவேற்பில் சொன்னால் அவர்களே தொலைபேசியில் பேசிவிடுவார்கள். சந்தைக்கு ஞாயிறும் பல புதன்கிழமைகளும் விடுமுறை. அதனால் அந்த நாட்களில் பல கடைகள் மூடியிருக்கும்.

பதிவு செய்தால் போயே ஆக வேண்டும், சரியான நேரத்துக்குப் போக வேண்டும். எட்டுப் பேருக்கு என்று மீன் வாங்கி வைத்திருக்கும் இடத்தில் இரண்டு பேர் வராவிட்டால் அன்றைய வரவில் கால்வாசி போய்விடும். அதனால்தான் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுத்தொகையும் வாங்குகிறார்கள். எனக்கும் ஒரு முறை, விமானம் தாமதமாகி, இரண்டு பேருக்கான முழுப் பணமும் போனது. வருத்தமாக இருந்தது. ஆனால் அந்தக் கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஒவ்வாமை, சாப்பிடாத பொருள் எதுவாக இருந்தாலும் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். உட்கார்ந்த பிறகு சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம்.

வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்கிறார்களே, அவ்வளவு கண்டிப்பா?

ஆமாம், இதில் நானும் கண்டிப்பாகவே சொல்வேன். எட்டுப் பேர் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும் அறை அது. வெள்ளை மீனின் மணம் மிக மெல்லியது. சென்ட் வாசனை வந்தால் பக்கத்திலிருப்பவர் காசு கொடுத்து வாங்கிய சாப்பாட்டின் பாதிச் சுவை போய்விடும். நம் பெண்கள் வைக்கும் மல்லிகைப் பூவுக்கும் இதே கதிதான், அந்த ஒரு வேளை மட்டும் வேண்டாமே.

இன்னொன்று, மேடையில் கைக்கடிகாரம், வளையல், கைபேசி உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் அது ஹினோகி மரத்தின் ஒரே பலகை. தினமும் துடைத்துத் துடைத்துப் பாதுகாப்பார்கள்.

ஒமகாசே, ஒகிமாரி, ஒகோனோமி... எதைச் சொல்ல வேண்டும்?

ஒமகாசே என்றால் 'உங்களிடமே விட்டுவிடுகிறேன்'. அன்று எது நன்றாக வந்திருக்கிறதோ அதை அவர் ஒவ்வொன்றாகப் பிடித்து வைப்பார். ஒகிமாரி என்பது ஏற்கெனவே முடிவு செய்த தொகுப்பு. சாதாரணம், நடுத்தரம், உயர்ந்தது என்று இரண்டு மூன்று தரமாக இருக்கும், விலையும் முன்கூட்டியே தெரியும். ஒகோனோமி என்பது நமக்கு வேண்டியதை நாமே ஒவ்வொன்றாகக் கேட்பது.

மதியம் போனால் ஒகிமாரி. பழகிய பிறகு, இரவில் ஒமகாசே. ஒகோனோமிக்குக் கொஞ்சம் மீன் பெயர் தெரிந்திருக்க வேண்டும், செலவும் கட்டுக்குள் நிற்காது. ஆனால் தொகுப்பு முடிந்த பிறகு பிடித்தமான ஒன்றிரண்டை மட்டும் கூடுதலாகக் கேட்கலாம். கேட்டால் அவருக்கும் சந்தோஷம், எது நமக்குப் பிடித்தது என்று தெரிகிறது அல்லவா.

கையால் சாப்பிடலாமா, குச்சியால்தான் சாப்பிட வேண்டுமா?

தாராளமாகக் கையால் சாப்பிடலாம். நிகிரி பிறந்ததே கையால் எடுத்துச் சாப்பிடத்தான். உட்கார்ந்ததும் சூடான ஈரத்துண்டு ஒன்று தருவார்கள், அது கை துடைக்க. முகம் துடைக்க வேண்டாம்.

கையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல இதாமாயே சோற்றை அழுத்தி உருட்டுவதில்லை. சில அசைவுகளில், உள்ளே காற்று இருக்கும்படி, வெளியே மட்டும் பிடிமானம் வரும்படி பிடிப்பார். வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும். குச்சியால் இறுக்கிப் பிடித்தால் தட்டிலேயே உடைந்துவிடும். கட்டைவிரலும் இரண்டு விரலும் போதும். உருண்டை பிடித்துக் கையில் போட்ட பாட்டியிடம் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு எவ்வளவு அழுத்தினால் உடையும் என்று விரலே சொல்லிவிடும்.

ஒரே வாயில் போடுங்கள். கடித்துப் பாதியைத் தட்டில் வைக்காதீர்கள். சோறு அதிகமாகத் தோன்றினால் 'ஷாரி சுகுனாமே' என்று சொன்னால் குறைத்துப் பிடிப்பார்.

வைத்த உடனே சாப்பிடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஷாரி என்று அவர்கள் சொல்லும் அந்தச் சோறு உடம்புச் சூட்டில் இருக்கும், மீன் அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். இரண்டும் வாயில் சந்திக்கும் அந்த நொடிக்காகத்தான் அவர் காலை நான்கு மணிக்கு எழுந்திருக்கிறார். நோரி என்ற கடற்பாசித் தாளில் சுருட்டியதும் அப்படியே. ஒரு நிமிடம் கழிந்தால் ஈரம் ஏறி நமுத்த அப்பளம் ஆகிவிடும்.

அந்தச் சோற்றில் அப்படி என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். பத்துப் பேரில் ஒருவர்தான் கேட்பார்.

குட்டையான, பசைத்தன்மை உள்ள ஜப்பானிய அரிசி. புது அரிசியில் ஈரம் அதிகம் என்பதால் சில கடைக்காரர்கள் பழைய அரிசியைக் கலப்பார்கள் அல்லது பழையதையே தேடி வாங்குவார்கள். பொங்கலுக்குப் புது அரிசி, சாதத்துக்குப் பழைய அரிசி என்று நம் வீடுகளில் பார்த்த அதே அறிவு. கொஞ்சம் விறைப்பாக வேகவைத்து, அகலமான மரத்தொட்டியில் கொட்டி, சூடாக இருக்கும்போதே வினிகர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, குழையாமல் வெட்டினாற்போல் கிளறுவார்கள். விசிறி கொண்டு வீசுவார்கள்.

வினிகரில் இரண்டு வகை. அரிசி வினிகர் போட்டால் சோறு வெள்ளையாக இருக்கும். சாக்கே மதுவைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையைப் பல ஆண்டுகள் ஊறவைத்துச் செய்யும் சிவப்பு வினிகர் போட்டால் சோறு லேசான பழுப்பாக இருக்கும், சர்க்கரையும் குறைவாகவே தேவைப்படும். அது எடோ காலத்துப் பாணி. இப்போது டோக்கியோவில் மீண்டும் பல கடைகளில் பார்க்கலாம். எனக்குக் கொழுப்புள்ள மீனோடு சிவப்பு வினிகர்ச் சோறு, வெள்ளை மீனோடு வெள்ளைச் சோறு. இது என் நாக்கின் விருப்பம் மட்டுமே.

சோயா சாஸ், வசாபி, இஞ்சி இவற்றை என்ன செய்வது?

பல கடைகளில் சுவையூட்டிய சாஸை அவரே மீன்மேல் தூரிகையால் தடவி வைப்பார். அப்படி இருந்தால் எதிலும் தோய்க்க வேண்டாம். தடவாமல் வைத்தால், துண்டைச் சாய்த்து மீன் பக்கத்தை மட்டும் லேசாகத் தோயுங்கள். சோற்றைத் தோய்த்தால் ரசத்தில் விழுந்த வடை மாதிரி உறிஞ்சி உடைந்துவிடும். மேலே மீன்முட்டை இருக்கும் வகையைச் சாய்க்க முடியாது. இஞ்சித் துண்டைச் சாஸில் தொட்டு அதன்மேல் தடவலாம்.

வசாபியை மீனுக்கும் சோற்றுக்கும் நடுவே அவரே வைத்திருப்பார். காரம் வேண்டாம் என்றால் 'சாபி நுகி' என்று சொல்லுங்கள். நம் மிளகாய் நாக்கில் எரியும், இது மூக்கில் ஏறி இறங்கிவிடும். ஊரில் கிடைக்கும் பச்சைப் பசை பெரும்பாலும் குதிரைமுள்ளங்கிக்கு நிறம் போட்டது. உண்மையான வசாபி ஓடும் குளிர்ந்த நீரில் வளரும் கிழங்கு. ஷிசுவோகாவின் இசு, நாகானோவின் அசுமினோ இரண்டும் அதற்குப் பெயர்போனவை. அரைத்த சில நிமிடங்களில் மணம் போய்விடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பார்கள். அந்த மணத்தில் ஒரு இனிப்பு இருக்கிறது, கவனியுங்கள்.

இனிப்பு வினிகரில் ஊறிய இஞ்சிக்குக் 'காரி' என்று பெயர். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் ஒரு துண்டு. சுஷிமேல் வைத்துச் சாப்பிடுவதற்கு இல்லை.

எந்த மீன் எது? பெயரே புரியவில்லை.

நமக்குத் தெரிந்த மீன்களின் உறவினர்கள்தான் பாதி.

மாகுரோ என்பது சூரை. அதன் சிவப்புச் சதை அகாமி, நடுத்தரக் கொழுப்பு சூதோரோ, வயிற்றுப்பக்கக் கொழுப்பு ஓதோரோ. எல்லாரும் ஓதோரோவுக்கு ஓடுவார்கள். என் ஓட்டு அகாமிக்கு. லேசான புளிப்பும் ரத்தத்தின் இரும்புச் சுவையும் சேர்ந்து சோற்றோடு சரியாகப் பொருந்துவது அதுதான். சபா என்பது அயிலை, உப்பும் வினிகரும் பூசி வரும். இவாஷி மத்தி. இகா கணவாய். எபி இறால், வெந்ததாகவே பெரும்பாலும் வரும். அனாகோ கடல் விலாங்கு. மெதுவாக வேகவைத்து இனிப்பான சாஸ் தடவியது, பச்சை மீன் பிடிக்காதவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதையே. ஹமாகுரி என்பது மட்டி, அதுவும் வெந்ததுதான். இகுரா என்றால் சால்மன் முட்டை. ஊனி என்பது முள் உருண்டையாகக் கடலில் கிடக்கும் உயிரியின் உள்ளிருக்கும் மஞ்சள் பகுதி.

கொஹாதாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மத்திக்கு உறவான, வெள்ளித் தோலில் புள்ளி வைத்த சின்ன மீன். விலை குறைவு. பச்சையாகச் சாப்பிட்டால் பெரிய சுவை இல்லை. அதைப் பிளந்து, முள் எடுத்து, உப்பிட்டு, கழுவி, வினிகரில் ஊறவைத்து எடுக்க வேண்டும். எத்தனை நிமிடம் உப்பு, எத்தனை நிமிடம் வினிகர் என்பது மீனின் பருமனையும் கொழுப்பையும் அன்றைய வெயிலையும் பார்த்து மாறும். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் எடோ வளைகுடா மீனைக் காக்கக் கண்டுபிடித்த முறை அது. ஒரு கடையின் தரத்தைக் கொஹாதாவை வைத்துத்தான் பழைய வாடிக்கையாளர்கள் அளக்கிறார்கள். நான் போகும் கடையில் மழைக்காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் அதன் புளிப்பு மாறுவதை இப்போது என்னால் கண்டுபிடிக்க முடிகிறது. அதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

சால்மன் கேட்டால் தருவார்களா?

பழைய பாணிக் கடைகளில் பெரும்பாலும் இருக்காது. ஜப்பானைச் சுற்றிய கடல் சால்மனில் ஒட்டுண்ணி இருப்பதால் அதைப் பச்சையாகச் சாப்பிடும் வழக்கமே முன்பு இல்லை. 1980-களில் நார்வே தன் பண்ணை சால்மனை இங்கே விற்க முயன்ற பிறகுதான் அது சுஷியில் ஏறியது. தீவனம் போட்டு வளர்ப்பதால் அதில் ஒட்டுண்ணி அபாயம் மிகக் குறைவு. இன்று தட்டு சுற்றும் கடைகளில் குழந்தைகளுக்கு அதுதான் உயிர். இல்லை என்று சொன்னால் வருத்தப்படாமல், 'இன்றைக்கு எது நன்றாக இருக்கிறது?' என்று கேளுங்கள்.

நான் சைவம். வரலாமா?

வரலாம், ஆனால் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டு. மாகி என்றால் நோரியில் சுருட்டியது. வெள்ளரிக்காய் வைத்த கப்பா மாகி, சுரைக்காயைச் சீவிக் காயவைத்து இனிப்பாக வேகவைத்த கான்பியோ மாகி, ஊறுகாய் முள்ளங்கி வைத்தது, புளித்த சோயா வைத்த நாட்டோ மாகி, இனிப்பான பொரித்த டோஃபு பைக்குள் சோறு அடைத்த இனாரி, இவ்வளவு உண்டு.

சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. தாஷி என்ற சாறு ஜப்பானியச் சமையலின் அடிப்படை. அதில் கட்சுவோபுஷி சேரும். சூரை இனத்து மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோலக் காயவைத்துச் சீவியது அது. தூத்துக்குடிக்காரர்களும் இலங்கைத் தமிழர்களும் உடனே புரிந்துகொள்வார்கள், நம் மாசிக் கருவாட்டின் அண்ணன். புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பில் அது இருக்கும். டோஃபு பை வேகும் நீரில் இருக்கும். கான்பியோவிலும் இருக்கலாம். முட்டை ஆம்லெட்டில் தாஷி இருக்கும், எடோ பாணி முட்டையில் அரைத்த இறாலோ வெள்ளை மீனோகூடச் சேர்ந்திருக்கும். அதனால் 'மீன் வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. 'தாஷியும் வேண்டாம்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் அம்மா சுத்த சைவம். அவர் வந்தபோது ஒரு வாரம் முன்பே கடைக்குப் போய், சாப்பிடாதவற்றை ஜப்பானிய மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு அந்தப் பெரியவர் வெள்ளரி, ஷிசோ இலையோடு உமே என்ற புளிப்பான ஊறுகாய்ப் பழம், வெறும் சோயா சாஸில் வேகவைத்த காளான், உப்பில் ஊறிய கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்தார். கத்தி, பலகை எல்லாம் கழுவிவிட்டுத் தொடங்கியதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரே மேடையில் பக்கத்தில் மீன் இருக்கும், வாசனையும் கொஞ்சம் இருக்கும். அதைத் தாங்க முடியாது என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம், புத்தமடங்களின் சைவச் சமையல் தரும் கடைகள் தனியாக இருக்கின்றன.

இஸ்லாமியர்கள் சாப்பிடலாமா?

மீன் பிரச்சினை இல்லை. ஆனால் தடவும் சாஸில் சாக்கேயும் மிரினும் சேரும், இரண்டும் மது. கடைகளில் வாங்கும் சோயா சாஸிலேயே ஆல்கஹால் சேர்ப்பது உண்டு. கண்டிப்பாகப் பார்ப்பவர்கள் ஹலால் என்று அறிவித்த கடைக்குப் போவதுதான் நிம்மதி. சிலர் தங்கள் சோயா சாஸைச் சின்னக் குப்பியில் கொண்டுவந்து, எதுவும் தடவாமல் வைக்கச் சொல்வார்கள். அதற்கும் முன்பே அனுமதி கேட்க வேண்டும், சோற்றில் என்ன சேர்ந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

இரவு ஒமகாசேக்கு வேண்டாம். குழந்தைகளோடு போகத் தட்டு சுற்றும் கடைதான் சரி. அது 1958-இல் ஒசாகா பக்கம் ஷிராயிஷி யோஷியாகி என்பவர் தொடங்கியது. பீர் ஆலையில் குப்பிகள் பட்டையில் ஓடுவதைப் பார்த்து வந்த யோசனை. சாதாரணக் குடும்பங்களும் சுஷி சாப்பிட அது வழி செய்தது. அதைத் தாழ்வாக நான் ஒருபோதும் பேச மாட்டேன். மதியத்தில், கேட்டுவிட்டு, பள்ளி வயதுப் பிள்ளைகளைச் சின்னக் கடைக்குக் கூட்டிப்போகலாம்.

படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். சுஷியை ஒரு படம், உடனே வாயில். ஆளையும் மற்ற வாடிக்கையாளர்களையும் எடுக்க வேண்டாம்.

அவரோடு பேசலாமா?

பேசலாம், மொழி தெரியாவிட்டாலும். மீனைக் காட்டி 'கொரே வா?' என்றால் 'இது என்ன?' என்று பொருள். பெயர் சொல்வார், சில சமயம் எந்த ஊர்க் கடலிலிருந்து வந்தது என்றும் சொல்வார். நன்றாக இருந்தால் 'ஓய்ஷி'. அவர் கைகளில் ஒரு கண் இருக்கட்டும். அவர் துண்டைப் பிடிக்கும் நேரத்தில் கேள்வி கேட்காமல், வைத்து முடித்ததும் கேளுங்கள். நம் மீன் பெயர்களைச் சொன்னால் ஆர்வமாகக் கேட்பார்கள். அயிலையை வாழையிலையில் வைத்துச் சுடுவோம் என்று நான் கைசாடையில் விளக்கிய அன்று, மறுமுறை போனபோது அவர் அயிலையை லேசாக நெருப்பில் காட்டி எனக்குப் பிடித்து வைத்தார்.

குடிக்க என்ன கேட்பது?

சூடான பச்சைத் தேநீர், கனமான பெரிய குவளையில் வரும், காசில்லாமல். சுஷி கடையில் அதற்கு 'அகாரி' என்று பெயர். மீன் கொழுப்பை நாக்கிலிருந்து கழுவ அதைப்போல வேறொன்றில்லை. மது குடிப்பவர்களுக்குச் சாக்கே, பீர் உண்டு. குடித்துக்கொண்டே நெடுநேரம் உட்கார்வதற்கான இடம் இது இல்லை.

கணக்கு எப்படிக் கேட்பது? டிப்ஸ் உண்டா?

'ஒகைகேய் ஒனெகாய்ஷிமாஸ்' என்றால் போதும். 'ஒஆயிசோ' என்று சிலர் சொல்வார்கள், அது கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசும் சொல். தேநீரை அகாரி என்பதும் சோயா சாஸை முராசாகி என்பதும் அப்படித்தான். தெரிந்துவைத்திருங்கள், நாம் சொல்ல வேண்டியதில்லை. டிப்ஸ் கிடையாது, மேடையில் வைத்துவிட்டு வந்தால் தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். எழுந்திருக்கும்போது 'கொச்சிசோசமா தெஷ்தா' என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்காகப் பட்ட பாட்டுக்கு நன்றி என்ற பொருள் அதில் இருக்கிறது.

வயிறு நிறையாவிட்டால், கடைசியாக எதைக் கேட்கலாம்?

சுருட்டிய மாகி ஒன்று. சூரை வைத்த தெக்கா மாகி, அல்லது சுரைக்காய் வைத்த கான்பியோ மாகி, அதிலும் கொஞ்சம் வசாபி வைக்கச் சொல்லி. இனிப்பாக முடிக்க வேண்டும் என்றால் முட்டை, தமாகோ. சில கடைகளில் அது கேக் துண்டுபோல மெத்தென்று இருக்கும். நான் முட்டையில்தான் முடிப்பேன், பிறகு இன்னொரு குவளை தேநீர்.